ஒன்பது நாள் தங்கல்

மார்ச் 11

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே இருவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. நான் நலம். உன் அண்ணன் எப்படி இருக்கிறார் என்பதைக் கீழே எழுதுகிறேன். நீ எப்படி இருக்கிறாய்? அந்த ஊர்க் குளிரில் காதுக்கு எதையாவது கட்டிக்கொள்கிறாயா? போனில் கேட்கலாம் என்றால் நீ எடுப்பதில்லை. வகுப்பில் இருப்பாய். இரண்டு வருஷமாக ஒரே வகுப்பு போலிருக்கிறது. கடிதம் என்றால் தபால்காரர் கதவுக்கடியில் தள்ளிவிட்டுப் போய்விடுவார், நீ குனிந்து எடுத்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் பெரிய செய்தி. உன் அண்ணன் ஊர் சுற்றக் கிளம்புகிறார். சிரிக்காதே. முப்பத்திரண்டு வருஷம் பேருந்துப் பணிமனையில் நேரக்காப்பாளராக உட்கார்ந்து, ஊரிலுள்ள அத்தனை பேரையும் எங்கெங்கோ அனுப்பிவிட்டு, தான் மட்டும் பணிமனை வாசலைத் தாண்டாத மனிதர். மே மாதம் மூன்றாம் தேதி சனிக்கிழமை, நம் பழைய காரில், நானும் அவரும். இருபத்து நான்கு நாள். கோட்டை ஊர், ஏழு வளைவுக் கல்பாலம் உள்ள ஊர், ராஜாக்கள் நாணயம் அடித்த ஊர், அரண்மனை ஊர், கடைசியில் பழைய துறைமுகம். பட்டியலைப் பார்த்ததும் எனக்குப் பிடிபட்டுவிட்டது. ஏழாம் வகுப்பில் சரித்திரப் புத்தகத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்துக்கொண்டு நீ ஒப்பிப்பாயே, அதே ஊர்கள், அதே வரிசை. "லீவு கிடைக்கட்டும்டா வால், கூட்டிட்டுப் போறேன்" என்று அவரும் ஒவ்வொரு கோடையிலும் சொல்வார். நீ சரித்திர ஆசிரியராகி வேறு தேசத்துக்கே போய்விட்டாய். அவருக்கு இப்போதுதான் லீவு கிடைத்திருக்கிறது, அதுவும் உடம்பு கொடுத்த லீவு.

பயணம் போகிறவர்கள் எந்த ஊரில் நல்ல அறை, எந்த ஊரில் நல்ல சாப்பாடு என்று பார்ப்பார்கள். நாங்கள் எந்த ஊரில் டயாலிசிஸ் இயந்திரம் காலியாக இருக்கும் என்று பார்க்கிறோம். திங்கள், புதன், வெள்ளி, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். அதில் ஒன்று தவறினாலும் காலில் நீர் ஏறிவிடுகிறது, மூச்சு முட்டுகிறது. ஆகவே வரைபடத்தில் சிவப்புப் பொட்டு வைத்த இடங்கள் மருத்துவமனைகள், நீலப் பொட்டு வைத்தவை கோட்டையும் அரண்மனையும். சிவப்பிலிருந்து சிவப்புக்குப் போகிற வழியில் நீலம் வந்தால் பார்ப்போம். நாணயம் அடித்த ஊரில் இயந்திரமே இல்லையாம். அங்கே தங்க முடியாது, அரை நாள் எட்டிப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

போன் செய்து இடம் பிடிப்பது என் வேலை. குடிநீர் அலுவலகப் புகார்ப் பிரிவில் இருபத்தாறு வருஷமாக இருப்பவள் நான். "அப்புறம் கூப்பிடுங்க" என்கிற வார்த்தையை நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன், அதை என்னிடமே சொன்னால் விடுவேனா? ரத்தப் பரிசோதனை, டாக்டர் கடிதம், எடை, எந்தக் கையில் ஊசி போட வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் அனுப்பியாகிவிட்டது. முதல் நான்கு தடவைக்கும் நான் இடம் பிடித்துவிட்டேன். துறைமுக ஊரைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். அவருக்கும் ஏதாவது வேலை வேண்டுமே என்று விட்டுவிட்டேன்.

இன்னொரு கூத்து, நான் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன். ஐம்பத்து மூன்று வயதில். டயாலிசிஸ் முடிந்த நாள் அவர் பிழிந்து போட்ட துணி மாதிரிக் கிடப்பார், அன்று வண்டியை யார் எடுப்பது? அவர்தான் வாத்தியார். பக்கத்து இருக்கையில் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்து நான் எத்தனை தடவை வண்டியை அணைத்தேன் என்று குறித்துக்கொள்கிறார். நேற்று பதினொன்று. "நம்ம டிப்போவா இருந்தா உனக்கு மெமோ குடுத்திருப்பேன்" என்றார். மெமோவை வீட்டுச் சமையல்காரிக்கா, புகார்ப் பிரிவு அதிகாரிக்கா, யாருக்குக் கொடுப்பீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் சிரித்தார். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தார்.

ஒரு கெட்ட செய்தியும் உண்டு. டயாலிசிஸ் அறையில் அவருக்குப் பக்கத்து நாற்காலி பேங்க்காரர், போன தடவை எழுதினேனே, குறுக்கெழுத்துப் போட்டியில் எப்போதும் அண்ணனைத் தோற்கடிப்பார் என்று, அவர் போய்விட்டார். நோயால் என்று சொல்ல முடியாது. இனி வர மாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டாராம். வீட்டாரும் கெஞ்சிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். டயாலிசிஸை நிறுத்தியதிலிருந்து ஒன்பது நாள் உயிரோடு இருந்தாராம். உன் அண்ணன் நர்சிடம் அதை இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டார். இப்போது அந்த நாற்காலிக்கு ஒரு சின்ன வயதுப் பெண் வந்திருக்கிறாள், ஓயாமல் போனில் பேசுகிறாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் நடந்ததைப் பற்றி நான் இதில் எழுதவில்லை. உன் சிறுநீரகம் பொருந்தும் என்று எல்லாச் சோதனையும் முடிந்து, அறுவைச் சிகிச்சைக்கு நாளும் குறித்த பிறகு, தம்பி உடம்பில் கத்தி வைக்க மனசில்லாமல் அண்ணனே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஊருக்கெல்லாம் தெரிந்த கதை அதுதான். அவரும் அதைத்தான் இன்றுவரை எல்லோரிடமும் சொல்கிறார். நானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. இரண்டு வரி பதில் போடு, ஒரு வரியாவது.

உன் நலம் விரும்பும்
அண்ணி


ஏப்ரல் 3

அன்புள்ள தம்பிக்கு,

என் கடிதம் கிடைத்திருக்கும். பதில் இல்லை. சரி.

எனக்கு ஓட்டுநர் உரிமம் கிடைத்துவிட்டது. பின்பக்கமாக எடுத்து இரண்டு வண்டிகளுக்கு நடுவில் நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினேன். இந்தச் செய்தியைச் சந்தோஷமாக எழுத நினைத்துத்தான் தாளை எடுத்தேன். எழுத வருவது வேறு.

தேர்வுக்குப் போன அன்று காரின் காகிதங்கள் கேட்டார்கள். முன்பெட்டியைத் திறந்து உறையை எடுத்தால், அதோடு நான்காக மடித்த ஒரு தாள் வந்தது. அவர் கையெழுத்து, பணிமனையில் அவர் போடுகிற அட்டவணை மாதிரியே கோடு போட்டது. உனக்கு அவர் வழக்கம் தெரியும். எந்த வண்டிக்கும் திரும்பி வருகிற நேரத்தை முதலில் எழுதிவிட்டுத்தான் புறப்படுகிற நேரத்தை எழுதுவார். "போறதுக்கு எவனும் வழி கண்டுபிடிப்பான், திரும்பி வர்றதுக்குத்தான் அட்டவணை" என்பார். எங்கள் பயணத்துக்கும் அப்படித்தான் எழுதியிருக்கிறார். எனக்குக் காட்டியிருந்தது போகிற தாள். இது வருகிற தாள்.

தாளில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். மே 14 புதன், துறைமுக ஊர், டயாலிசிஸ். மே 15 முதல் 23 வரை தங்கல். மே 24, 25, 26 திரும்பும் பயணம். ஓட்டுநர்: ஒருவர். ஒரு நாளைக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. ஒன்றரை மணிக்கு ஒரு தடவை நிறுத்தி இறங்கி நடக்க வேண்டும். மாலை ஐந்துக்குள் அறைக்குப் போய்விட வேண்டும். எந்தெந்த எண்ணெய் நிலையத்தில் பெண்கள் கழிப்பறை சுத்தமாக இருக்கும் என்பதுகூட இருக்கிறது. போகிற தாளில் எல்லா நாளும் ஓட்டுநர் இருவர், அவரும் நானும் மாறி மாறி. வருகிற தாளில் மூன்று நாளும் நான் மட்டும்.

இருபது நிமிஷத்துக்கு மேல் எந்த வண்டிக்கும் தங்கல் கொடுக்காத மனிதர், ஒரே ஊரில் ஒன்பது நாள் தங்கல் போட்டிருக்கிறார். நான் முட்டாள் இல்லை, பேங்க்காரரின் ஒன்பது நாள் எனக்கும் நினைவிருக்கிறது. ஆனாலும் முட்டாளாகவே இருக்கலாம் என்று ஒரு நாள் முழுக்க முயன்று பார்த்தேன். அந்த ஒன்பது நாளும் அங்கேயே டயாலிசிஸ் செய்துகொள்வார், கடல் காற்று உடம்புக்கு நல்லது, அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் அலுவலகத்திலிருந்து அந்த மருத்துவமனைக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் ஏட்டைப் பார்த்துவிட்டு, "சார் பதினாலாம் தேதி ஒரு நாளைக்கு மட்டும்தான் கேட்டாரும்மா. மறுபடி வெள்ளிக்கிழமைக்கு வேணுமே சார்னு நாங்களே கேட்டோம். வேண்டாம், அதோட முடிஞ்சுதுன்னுட்டார்" என்றாள். வேறு மருத்துவமனையில் சொல்லி வைத்திருப்பார் என்று அவள் நினைத்துக்கொண்டாளாம். அந்த ஊரில் வேறு மருத்துவமனை கிடையாது.

வேறு யாராக இருந்தாலும் போகிற பாதியை மட்டும் எழுதிவிட்டு, வருகிற பாதியை எழுதாமல் விட்டிருப்பார்கள், யாருக்கும் தெரிந்திருக்காது. அவரால் அது முடியவில்லை. ஒரு வண்டி திரும்பி வர வேண்டும் என்றால் அதற்கு நேரம் குறிக்காமல் விட அவருக்குக் கை வராது. பழக்கமே அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

நான் இன்னும் அவரிடம் கேட்கவில்லை. தாளை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். இந்த நேரம் முன்னறையில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, கல்பாலத்துக்கு எத்தனை மணிக்குப் போனால் வெயில் முகத்தில் அடிக்காது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

இதை வேறு யாரிடம் சொல்வது? போனை எடு தம்பி.

அண்ணி


ஏப்ரல் 19

அன்புள்ள தம்பிக்கு,

எட்டு தடவை போன் செய்தேன். ஒன்பதாவது தடவைக்கு எழுதுகிறேன்.

நேற்று வெள்ளிக்கிழமை அவரிடம் கேட்டுவிட்டேன். வீட்டில் கேட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கப் போய்விடுவார். அதனால் டயாலிசிஸ் அறையில், இரண்டு ஊசியும் ஏற்றி, இயந்திரம் ஓடத் தொடங்கிய பிறகு கேட்டேன். நான்கு மணி நேரம் எழுந்து போக முடியாதே. அந்தத் தாளைக் காரிலிருந்து எடுத்து வந்து அவர் மடியில் வைத்தேன். இது என்ன என்று கேட்டேன். பக்கத்து நாற்காலிப் பெண் போனில் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

உன் அண்ணன் பொய் சொல்லத் தெரியாதவர் இல்லை, உனக்கே தெரியும். ஆனால் நேற்றுச் சொல்லவில்லை. "களைச்சுப் போச்சு. வாரத்துல மூணு நாள் இங்க படுத்திருக்கேன். மீதி நாலு நாள் இங்க வர்றதுக்காகத் தண்ணியை அளந்து அளந்து குடிச்சிட்டிருக்கேன். இதுல நான் எங்க இருக்கேன் சொல்லு" என்றார். அப்படியானால் நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்டேன். "அதான் உனக்குக் கார் ஓட்டக் கத்துக் குடுத்துட்டேனே" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை தம்பி. உண்மையாகவே அதோடு என் கணக்கை நேர் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அந்த இயந்திரத்தைப் பிடுங்கி அவர் தலையிலேயே போட வேண்டும் போலிருந்தது.

களைப்பு என்பதோடு நிறுத்தியிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேனோ என்னவோ. ஆறு வருஷமாக அந்தக் கையைப் பார்க்கிறேன். ஊசி ஏறி ஏறித் தழும்பு முடிச்சு முடிச்சாக நிற்கிறது. கோடையில் அரை டம்ளர் தண்ணீருக்கு அவர் என்னிடம் பேரம் பேசுவதைக் கேட்டால் உனக்குத் தாங்காது. பேங்க்காரர் மனைவி எப்படி விட்டாள் என்று போன மாதம் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது திட்டுவதில்லை.

ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. மூன்றாவது மணி நேரத்தில், கண்ணை மூடிக்கொண்டே உன்னைப் பற்றிச் சொன்னார்: "நான் இருக்கிற வரைக்கும் அவன் இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்க மாட்டான். என் மூஞ்சியைப் பார்க்க அவனால முடியாது. நான் போயிட்டேன்னா கடைசியா பார்க்கன்னு ஓடி வருவான். வந்தா பத்து நாள் உன்கூட இருப்பான், உனக்கும் ஆளாச்சு. அப்புறம் நெனச்சப்போ வருவான் போவான். சொந்த ஊரை விட்டு எங்கியோ ஒளிஞ்சுக்கிட்டு, அவன் என்ன கொலையா பண்ணினான்?"

இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிற நர்ஸ் வந்து ரத்த அழுத்தம் பார்த்தாள், இறங்கியிருக்கிறது என்று கால்பக்கத்தை உயர்த்தினாள். வீட்டுக்கு நான்தான் ஓட்டிக்கொண்டு வந்தேன். வழியில் ஒரு தடவைகூட வண்டி அணையவில்லை.

இனி உனக்கும் எனக்கும் நடுவில் மறைக்க ஒன்றும் இல்லை. அண்ணன் வேண்டாம் என்று சொல்லவில்லை என்பது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். அறுவைக்கு ஐந்து நாள் இருக்கும்போது, அவர் போனை எடுக்காததால் மருத்துவமனையில் தான ஏற்பாடுகளைக் கவனிக்கிற அம்மா எனக்குத்தான் போன் செய்தார். தானம் கொடுக்கிறவர் மனம் மாறிவிட்டார், அது அவர் உரிமை, வீட்டில் யாரும் அவரைக் கேட்கக் கூடாது என்றார். அன்று சாயங்காலம் நான் உன் அண்ணனிடம் சொன்னேன். பிறகு அவர் சொந்தக்காரர் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, நான்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்று சொன்னார். உனக்கும் அதையே சொன்னார். அவர் அப்படிச் சொன்னதை நீயும் ஏற்றுக்கொண்டாய். அடுத்த மாதம் விமானம் ஏறினாய்.

எனக்கு உன் மேல் வந்த கோபத்தை எழுதினால் தாள் போதாது. பதினொரு வயதில் மூக்கு ஒழுக நின்ற பையனுக்குத் தலை வாரிவிட்ட கை இது. நீ விட்டுப்போன சட்டைகளைக் கிழித்துக் காரைத் துடைக்கப் போட்டேன், இன்றைக்கும் அதில்தான் துடைக்கிறேன். ஆனால் நேற்றிலிருந்து யோசித்துப் பார்க்கிறேன். நீ பயந்தாய், அவ்வளவுதான். கத்தி என்றால் எனக்கும் பயம்தான். என்னுடையது அவருக்குப் பொருந்தவில்லை, அதனால் இந்த வீட்டில் நான் தைரியசாலி என்று பேர் வாங்கிவிட்டேன். பொருந்தியிருந்தால் தெரிந்திருக்கும் என் தைரியம். மன்னித்துவிட்டேன் என்று எழுதலாம் என்று பார்க்கிறேன், இன்னும் வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.

நான் செய்திருப்பது இதுதான். துறைமுக ஊர் மருத்துவமனையில் மே 16, 19, 21, 23 நான்கு நாளுக்கும் அவர் பெயரில் காலை பத்து மணிக்கு இடம் பிடித்துவிட்டேன். அவரிடம் சொன்னேன். "பார்க்கலாம்" என்றார். அவர் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும், அதைக் கேட்டுத்தான் நீ வளர்ந்தாய். பயணத்தை நிறுத்திவிடலாமா என்றும் நினைத்தேன். பயணத்தை நிறுத்தினால் டயாலிசிஸை இங்கேயே நிறுத்திக்கொள்வார். பணிமனை வாசலைத் தாண்டாத மனிதர், கோட்டையையாவது பார்க்கட்டும்.

சிறுநீரகம் கேட்டு எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. அந்தப் பேச்சு முடிந்தது, இனி நீ கொடுத்தாலும் அவர் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். துறைமுக ஊருக்கு மே 15 வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் வந்து சேர். கலங்கரை விளக்கத்துக்கு எதிரே, படிக்கட்டு உள்ள விடுதி, கீழ்த்தளம். அவரிடம் எதுவும் விளக்க வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம், கேட்டால் அவருக்குக் கூச்சமாகிவிடும். முன்னால் வந்து நில். அந்த ஊரின் சரித்திரத்தைச் சொல்லு, உன்னைவிட்டால் எங்கள் இருவருக்கும் அதைச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

நீ வந்தால் வெள்ளிக்கிழமை அவர் நாற்காலியில் போய் உட்காருவார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். உன்னைப் பார்த்த பிறகும், களைத்துத்தான் போய்விட்டேன், விடு என்று சொல்லலாம். சொன்னால் அது அவர் உடம்பு, அவர் வார்த்தை. நான் அந்த ஒன்பது நாளும் பக்கத்தில் இருந்துவிட்டு, தாளில் எழுதியபடி வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். ஆனால் உன்னை வீட்டுக்கு வரவழைக்க ஒரு மனிதர் சாகக் கூடாது. அதைத் தடுக்க என்னால் முடியாது. உன்னால் மட்டும்தான் முடியும்.

அவர் போன பிறகு நீ வருவாய் என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகம் இல்லை. எனக்கும் இல்லை, அதுதான் பயமாக இருக்கிறது. அப்படி வந்தால் கதவைத் திறக்க மாட்டேன் என்று எழுதத்தான் நினைத்தேன். திறப்பேன், எனக்கே தெரியும். தண்ணீர் கொடுப்பேன், படுக்கை போடுவேன். அதற்கப்புறம் உன்னிடம் பேச எனக்கு ஒரு வார்த்தையும் இருக்காது.

நீ நன்றாக இருக்க வேண்டும். உன் அண்ணனும் இதைத்தான் சொல்வார். அதை அவர் வாயால் கேட்டுக்கொள்ள வா.

அண்ணி